"குண்டை எடுத்தாச்சா?" - துப்பாக்கிக் காயமும் நாம் கேட்க மறக்கும் கேள்வியும்

துப்பாக்கிக் காயம் பட்ட ஒருவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வாசலில் நிற்கும் சொந்தக்காரர்களிடம், செய்தி கேட்டு ஓடிவரும் ஒவ்வொருவரும் கேட்கிற முதல் கேள்வி "குண்டை எடுத்தாச்சா?" என்பதாகத்தான் இருக்கும். இந்தக் கேள்வியை நமக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமா. பழுக்கக் காய்ச்சிய கத்தி, வாயில் கவ்விய துணி, எவர்சில்வர் கிண்ணத்தில் 'டிங்' என்று விழும் குண்டு, அடுத்த காட்சியில் எழுந்து நடக்கும் கதாநாயகன் என்று பார்த்துப் பழகிய நமக்கு, குண்டு வெளியே வந்துவிட்டால் ஆபத்தும் வெளியே வந்துவிட்டது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மருத்துவத்தில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். உடம்புக்குள் நின்றுவிட்ட குண்டு பெரும்பாலும் அவசரமாக எடுக்கவேண்டிய பொருளே அல்ல. அது போன வழியில் அறுத்துவிட்ட ரத்தக் குழாய்தான் ஆளைக் கொல்கிறது. ஆகவே கேட்கவேண்டியது, "ரத்தம் நின்றதா, எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள்?" என்பதே.

காரைக்குடியைச் சுற்றியுள்ள நம் செட்டிநாட்டுக்கு வெடிமருந்தின் வாடை புதிதல்ல. 1772-ல் காளையார்கோவிலில் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் தாக்குதலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்ததும், 1942 ஆகஸ்டில் தேவகோட்டையில் கூட்டத்தின்மீது போலீஸ் சுட்டதும் இந்த வட்டாரத்தின் நினைவில் இருப்பவை. இன்றைய நிலைமை வேறு. சில பெரிய வீடுகளில் ஐயா காலத்து உரிமத்தோடு இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று பீரோவுக்குள் கிடக்கும். தேர்தல் அறிவித்தால் அது காவல் நிலையத்துக்குப் போய்த் திரும்பும். வங்கி வாசலில் முன்னாள் ராணுவத்தார் ஒருவர் துப்பாக்கியை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொல்லையைப் பன்றி உழுதுவிடுகிறது என்று இரவில் காவல் கிடப்பவர்களில் சிலரிடம், உரிமத்தோடோ உரிமமில்லாமலோ, நாட்டுத் துப்பாக்கி இருக்கும். இவை போக, எந்தப் பகையும் இல்லாமல் எங்கிருந்தோ வந்து விழும் குண்டும் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கத்தில், துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு ஒரு சிறுவனின் தலையில் பட்டது. தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை செய்தும் சில நாட்களில் அந்தப் பிள்ளை இறந்துபோனது.

காயம் எப்படிப்பட்டது என்பதை ஆயுதமும் தூரமும் தீர்மானிக்கின்றன. குண்டின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுமந்துவரும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. கைத்துப்பாக்கியின் குண்டு பொதுவாக நொடிக்கு 250 முதல் 400 மீட்டர் வேகத்தில் வரும்; ராணுவ ரைபிளின் குண்டு 700 மீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் வரும் குண்டு தன் பாதையைச் சுற்றியிருக்கும் சதையை ஒரு கணம் பலூன்போல விரித்துவிட்டுப் போகிறது. தோலில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய துளைதான் தெரியும். உள்ளே, குண்டு தொடாத இடத்திலும் சதை நசுங்கிச் செத்திருக்கும். நாட்டுத் துப்பாக்கியின் கதை இன்னொரு வகை. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரோ பழந்துணியோ காகிதமோ வைத்து அடைத்து, அதன்மேல் ரவை என்கிற சிறு ஈய உருண்டைகளையோ, பால்ரஸ் என்று எல்லோரும் சொல்கிற இரும்பு மணிகளையோ போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். கிட்டத்தில் வெடித்தால் மணிகளோடு அந்த நாரும் கரியும் எரிந்த கைலித் துணியும் சேர்ந்தே சதைக்குள் போய்விடும். வேகம் குறைவு என்பதால் காயமும் லேசானது என்று நினைப்பது தவறு. அழுக்கைக் கணக்கில் எடுத்தால் இதுவே மோசமான காயம். குழல் வெடித்துச் சுட்டவரின் கட்டைவிரலும் கண்ணும் போவதும் இந்த வகைத் துப்பாக்கியில்தான் அதிகம்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்குத் தெற்கே ஒரு கடலைக் கொல்லை, இரவு 11 மணி என்று வைத்துக்கொள்வோம். வரப்பில் கால் தடுக்கியவரின் துப்பாக்கி வெடித்துக் கூட வந்தவரின் தொடையில் பாய்ந்துவிட்டது. "ஒன்னுமில்ல மச்சான், லேசாத்தான் பட்டிருக்கு" என்று அடிபட்டவரே சொல்லக்கூடும். அதிர்ச்சியில் முதல் சில நிமிடம் வலி தெரியாமல் போவது வழக்கம்தான். அந்தப் பேச்சை நம்பக் கூடாது. துப்பாக்கியை ஆளில்லாத பக்கம் திருப்பித் தள்ளி வைத்துவிட்டு, 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கவேண்டும். ஊர்ப் பெயரோடு, வண்டி வந்து நிற்கக்கூடிய கோயில், கண்மாய்க்கரை, ரேஷன் கடை போன்ற அடையாளத்தையும் சொல்வது பல நிமிடங்களை மிச்சப்படுத்தும். அடுத்து, கைலியை விலக்கியோ கிழித்தோ காயத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். ஒரு துளை தெரிந்தவுடன் திருப்தி அடைந்துவிடக் கூடாது. குண்டு வெளியேறிய துளை பின்பக்கத்தில் இருக்கலாம், அல்லது இரண்டாவது ரவை இடுப்பில் பட்டிருக்கலாம். இருட்டில் இதற்கு ஒரே வழி, உடம்பின் அடியில் கையைக் கொடுத்துத் தடவி, வெளியே எடுத்த உள்ளங்கையை டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பதுதான். அக்குள், முதுகு, தொடை இடுக்கு, பிட்டம் ஆகிய இடங்களில்தான் காயம் அதிகம் ஒளிந்துகொள்ளும்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. தொடையின் பெரிய தமனி முழுதாக அறுந்துவிட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். ஆகவே ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் சிகிச்சை பக்கத்தில் இருப்பவருடையதுதான். சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து, ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து, முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தை இறக்கி அழுத்தவேண்டும். துளை ஆழமாக இருந்து அழுத்தியும் ரத்தம் பொங்கினால், மேலே துணியை அடுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. அது ரத்தத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது. காஸ் துணியையோ, கிடைத்த பருத்தித் துணியை நீளமாகக் கிழித்த பட்டையையோ, ஒரு விரலால் துளைக்குள் விட்டு, ரத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் எலும்பை நோக்கி நெருக்கி, அந்த விரலை எடுக்குமுன் அடுத்த விரலால் அடுத்த மடிப்பைத் தள்ளி, இனி இடமில்லை என்கிறவரை நிரப்பவேண்டும். பிறகு 10 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்தவேண்டும். நின்றுவிட்டதா என்று இடையில் தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் பிய்த்துக்கொள்ளும். அடிபட்டவர் வலியில் கத்துவார், திட்டுவார். அதற்காகக் கையைத் தளர்த்தக் கூடாது. இந்த நிரப்பும் முறை கை, கால், தொடை இடுக்கு, அக்குள் ஆகிய இடங்களுக்கு உரியது. நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் துணியைத் திணிக்கக் கூடாது.

இங்கே சிராவயல் மஞ்சுவிரட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மாடு தொடையில் குத்திவிட்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் காயத்துக்கு மேலே ஒரு கட்டுப் போடுவது நம் ஊர்க்காரர்களின் உடனடிப் பழக்கம். எண்ணம் சரியானது, செய்முறைதான் போதாது. கையால் இழுத்து முடிச்சுப் போட்ட துண்டு, மேலோட்டமாக ஓடும் சிரைகளை மட்டும் அடைக்கும். ஆழத்தில் ஓடும் தமனி அதற்கு அசையாது. உள்ளே வருகிற ரத்தம் வந்துகொண்டே இருக்க, இதயத்துக்குத் திரும்பும் வழி மட்டும் அடைபடுவதால், அரைகுறைக் கட்டு ரத்தப்போக்கை அதிகமாக்கிவிடும். டூர்னிக்கெட் என்கிற இறுக்கக் கட்டு இதைவிட முரட்டுத்தனமானது. காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல், இரண்டு அங்குல அகலமாவது உள்ள துணிப்பட்டையைச் சுற்றி முடிச்சிட்டு, முடிச்சின்மேல் ஒரு உறுதியான குச்சியை வைத்து மறுமுடிச்சுப் போட்டு, ரத்தம் நிற்கும்வரை குச்சியை முறுக்கி, அது அவிழாதபடி குச்சியின் முனையைக் கட்டிவிட வேண்டும். கெட்டிப் பருத்தியில் நெய்த கண்டாங்கிச் சேலையின் ஒரு பட்டை இதற்குத் தாங்கும். கிணற்றுக் கயிறும் ஒயரும் சதையை அறுத்துவிடும், அவை வேண்டாம். சரியாகப் போட்ட கட்டு கடுமையாக வலிக்கும். வலிக்கிறது என்பதற்காக அவிழ்க்கக் கூடாது. கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதிவிடவேண்டும். கால் அழுகிவிடும் என்று பயந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்துவது பழைய பாடம், அது கைவிடப்பட்டது. 2 மணி நேரம் வரை கட்டு இருந்தால் பெரும்பாலும் காலுக்குக் கேடில்லை. ராணுவத்திலும் ஆம்புலன்ஸிலும் பயன்படும் ஆயத்தக் கட்டுதான் நம்பகமானது, வீட்டில் முறுக்கியது அதற்கு அடுத்தபடிதான். அதனால் துணி நிரப்பி அழுத்துகிற கையை எந்த நிலையிலும் கைவிட வேண்டியதில்லை.

நெஞ்சில் பட்ட காயத்துக்கு விதி வேறு. மூச்சு இழுக்கும்போது துளைவழியே காற்று உறிஞ்சும் சத்தமோ, ரத்த நுரையோ தெரிந்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்கிறது என்று பொருள். முன்பெல்லாம் பிளாஸ்டிக் தாளை மூன்று பக்கம் ஒட்டும்படி சொல்லிக்கொடுத்தார்கள். காற்றை வெளியே மட்டும் விடுகிற வால்வு உள்ள ஒட்டுப்பட்டை கையில் இல்லாவிட்டால், துளையை அடைக்காமல் திறந்தே விடுவதுதான் இன்று முதலுதவிக்காரர்களுக்குச் சொல்லப்படுவது. இறுக்கி மூடிவிட்டால் உள்ளே சேர்ந்த காற்று இதயத்தையே நெருக்கிவிடும். நினைவு இருந்தால் அவரைச் சாய்ந்து உட்காரவிடலாம். வயிற்றில் பட்டுக் குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளக் கூடாது. ஈரமான சுத்தத் துணியால் மூடி, முழங்காலை மடக்கிப் படுக்கவைக்கலாம். வயிற்றுக்குள் ஓடும் ரத்தத்தை வெளியிலிருந்து யாராலும் அழுத்தி நிறுத்த முடியாது. அங்கே வேகம் ஒன்றுதான் முதலுதவி.

காயத்தில் காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, புகையிலை இவற்றில் எதையும் அப்பக் கூடாது. பிறகு அதையெல்லாம் சதையிலிருந்து கழுவி எடுக்கவேண்டியவர் அறுவை மருத்துவர். தண்ணீர் கேட்பார், ரத்தம் இழந்தவருக்குத் தாகம் வரும், கெஞ்சுவார். சோடா உடைத்துக் கொடுப்பது நம் பாசத்தின் முதல் அடையாளம் என்றாலும், மயக்கமருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் ஏறினால் அதுவே உயிருக்கு உலை வைக்கும். உதட்டை நனைத்துவிடலாம், அவ்வளவுதான். இன்னொன்று, பலரும் எதிர்பாராதது: அவரைப் போர்த்திவிடவேண்டும். செட்டிநாட்டு வெயிலில் போர்வையா என்று சிரிக்கத் தோன்றும். ரத்தம் இழந்த உடம்பு சித்திரையிலும் குளிர்ந்துபோகும். குளிர்ந்த ரத்தம் சரியாக உறையாது. உறையாததால் இன்னும் கசியும். இந்தச் சுழலை உடைக்க ஒரு ஜமுக்காளம் போதும்.

தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் இந்த வட்டாரத்தில் எதையும் பேச முடியாது. காரைக்குடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சிவகங்கையில் 2012-லும் புதுக்கோட்டையில் 2017-லும் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிகள் 40, 50 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. பெரிய ரத்தக்குழாய் அறுவைக்கு மதுரை வரை போகவேண்டியிருந்தால் அது ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று தெரிந்தால் காரில் ஏற்றிக் கிளம்பி, 108 வண்டியைப் பாதிவழியில் சந்திப்பது தவறில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் துப்பாக்கிக் காயம் பட்டவரைக் காவல்துறையினர் தங்கள் வண்டியிலேயே அள்ளிப்போட்டுக் கொண்டுபோவது நெடுநாள் நடைமுறை. நிபந்தனை ஒன்றுதான்: காயத்தை அழுத்துகிற கை பின்சீட்டில் கூடவே வரவேண்டும். இருவருக்கு நடுவில் சாத்தி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகும்போது அந்தக் கைக்கு இடமில்லாமல் போகிறது.

தாமதத்துக்கு இன்னொரு காரணம் பயம். உரிமமில்லாத துப்பாக்கி என்றால் வீட்டார் முதலில் யோசிப்பது காயத்தைப் பற்றி அல்ல, கேஸைப் பற்றி. "கம்பி குத்திடுச்சு" என்று சொல்லிப் பக்கத்து கிளினிக்கில் நாலு தையல் போட்டுக்கொண்டு திரும்புவதில் இரண்டு அபாயம் உண்டு. அழுக்கை உள்ளே வைத்துத் தைத்த காயத்தில் வாயு உண்டாக்கும் கிருமிகள் வளர்ந்து ஓரிரு நாளில் காலையே அழுகச் செய்யலாம். தவிர, எங்கே தேடவேண்டும் என்பதே மருத்துவருக்குத் தெரியாமல் போகிறது. என்ன துப்பாக்கி, எவ்வளவு தூரம், எத்தனை வெடி, எப்போது என்ற நான்கையும் உள்ளபடி சொல்லவேண்டும். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் முதலில் உயிரைக் காப்பதே கடமை, போலீஸ் நடைமுறைகளைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனை ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவு போடும், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அது சிகிச்சைக்குப் பக்கத்தில் நடக்கும் வேலை, சிகிச்சைக்கு முன்னால் நடக்கவேண்டிய வேலை அல்ல. கழற்றிய துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் போடாமல், காகித உறையில் வைத்துக் கொடுத்துவிட்டால் போதும்.

மருத்துவமனைக்குள் நடப்பது பலமுறை உறவினருக்குக் குழப்பமாக இருக்கும். ரத்தம் ஏற்றுவார்கள், காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் என்றால் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற ஊசி மருந்தைக் கொடுப்பார்கள். 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2010-ல் முடிவு வெளியான ஆய்வு, இது உயிரிழப்பைக் குறைப்பதைக் காட்டியது. நேரம் கடந்து கொடுத்தால் பலனில்லை என்பதையும் காட்டியது. மோசமான வயிற்றுக் காயத்தில் முதல் அறுவையில் ரத்தத்தை நிறுத்தி, குடலின் கிழிந்த முனைகளைக் கட்டி, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, உடம்பு சூடேறிய பின் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி திறப்பார்கள். கை கால் காயத்தில் செத்த சதையை வெட்டியெடுத்துக் கழுவிவிட்டு, தைக்காமல் திறந்தே வைத்திருப்பார்கள். "தையல்கூடப் போடலையே" என்று கோபப்பட வேண்டாம். நான்கைந்து நாள் பார்த்து, சீழ் இல்லை என்று உறுதியான பின் மூடுவதே முறை. குண்டை எடுக்காமல் விட்டதும் பெரும்பாலும் முடிவெடுத்து விட்டதுதான். ஆழத்தில் இருக்கும் ஒரு ரவையைத் தேடிச் சதையைக் கிளறுவது, அந்த ரவை செய்ததைவிட அதிகச் சேதம் செய்யும். மூட்டுக்குள் இருந்தால் எடுத்தாகவேண்டும், ஏனென்றால் மூட்டு நீரில் ஈயம் கரைந்து ரத்தத்தில் கலக்கும். நரம்பையோ பெரிய ரத்தக் குழாயையோ உரசிக்கொண்டு இருந்தாலும் எடுக்கலாம். மற்றபடி உடம்பே அதைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொள்ளும்.

வீடு திரும்பிய பின்தான் நீண்ட பகுதி தொடங்குகிறது. முதல் சண்டை சாப்பாட்டில் வரும். முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், கறி ஆகாது, பருப்பு வாயு என்று பத்தியம் போட்டு, கஞ்சியும் ரசமுமாக ஒரு மாதம் ஓட்டுவார்கள். புதுச் சதை புரதத்தால் ஆனது. ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, பெரிய காயம் ஆறும் உடம்புக்கோ கிலோ எடைக்கு ஒன்றரை கிராம் வரை தேவைப்படலாம். சிறுநீரகக் கோளாறு போன்ற தடை ஏதுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், கோழிக்குழம்புக்குப் பேர்போன வட்டாரத்தில் காயம்பட்டவருக்கு மட்டும் அதை மறுப்பது என்ன நியாயமோ தெரியவில்லை. நிறுத்தவேண்டியது பீடி சிகரெட்டை. எலும்பு கூடுவதை அது கண்கூடாகத் தாமதப்படுத்தும்.

காயம் மூடிய பின்னும் சில அறிகுறிகளுக்குக் கண் திறந்திருக்கவேண்டும். காய்ச்சலும் நாற்றமும் எல்லோருக்கும் தெரியும். வடுவின் பக்கத்தில் விரலை வைத்தால் நாடிபோலத் துடிக்கும் ஒரு வீக்கம், வாரங்கள் கழித்துக்கூட, உள்ளே ரத்தக் குழாயின் சுவர் புடைத்திருப்பதைக் காட்டலாம். அதை எண்ணெய் தேய்த்து நீவினால் உடைந்துவிடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டிய வீக்கம் அது.

நரம்பு அறுந்திருந்தால் பொறுமை வேறு கணக்கில் வேண்டும். சரிசெய்யப்பட்ட நரம்பு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். நடுத்தொடையிலிருந்து பாதம் வரை 70 சென்டிமீட்டர் என்றால் 700 நாள், கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. அவ்வளவு நாளும் கணுக்காலைத் தினமும் மடக்கி நீட்டி, தொங்கும் பாதத்துக்குப் பட்டை போட்டு வைத்திருக்காவிட்டால், நரம்பு வந்து சேரும்போது மூட்டு விறைத்துப்போயிருக்கும். பிசியோதெரபிக்குப் போய் வருவது வீண்செலவு என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் கேள்விப்படும் தவறு. சிலருக்கு, துணி உரசினாலே நெருப்புப் பட்டதுபோல எரியும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் இந்த எரிச்சலைக் கண்டு எழுதிவைத்தவர் சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர். அது மனப்பிரமை இல்லை, அதற்கென்று மருந்து உண்டு.

எல்லாமே பழையபடி திரும்பிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்த எம்.ஜி.ஆருக்குப் பழைய குரல் கடைசிவரை திரும்பவில்லை. அந்த மாறிய குரலோடுதான் அவர் 1977-ல் முதலமைச்சரானார்.

மனத்தில் பட்டது தனிக் காயம். கும்பாபிஷேகம், திருக்கல்யாணம், சாவு என்று எதற்கும் வேட்டுப் போடும் ஊர்களில், குண்டடிபட்டவர் ஒவ்வொரு வேட்டுக்கும் குலுங்கி எழுந்து உட்காருவார். தூக்கமின்மையும் கெட்ட கனவும் எரிந்து விழுவதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்குச் சிகிச்சை தேவை. 14416 என்ற டெலி-மனஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்நேரமும் தமிழில் பேசலாம். திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் இருக்கிறார்கள். கொக்குக்கும் நாரைக்கும் காட்டுகிற அந்த இரக்கத்தை, காயம்பட்டவர் இருக்கும் தெருவில் ஒரு ஆறு மாதம் காட்டினால் ஊருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

உள்ளே விட்டுவைத்த குண்டை எல்லோரும் மறந்துபோயிருக்கும் காலம் ஒன்று வரும். பத்து ஆண்டு கழித்து முதுகுவலிக்கென்று எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுப்பார்கள். ஈயக் குண்டு அந்தக் காந்தத்துக்கு அசையாது. பால்ரஸ் இரும்பு, அது இழுபடும், கண்ணுக்கோ ரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இருந்தால் ஆபத்து. ஸ்கேன் அறைக்குள் நுழையுமுன் அதைச் சொல்லவேண்டும், சொன்னால் மட்டும் போதாது, காட்டவும் வேண்டும். ஆகவே அந்தப் பழைய எக்ஸ்ரேயையும் டிஸ்சார்ஜ் அட்டையையும் ஏ.ஆர். நகலையும் ஒரே உறையில் போட்டு, பத்திரம் வைக்கிற பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.